சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், மழைக்காலத்துக்கு முன் காரை எப்படித் தயார் செய்வது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. வைப்பர் ரப்பர், டயர் பட்டன், பேட்டரி என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். முன்பக்கம் சத்தம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரே வரி: நல்ல ஒர்க்‌ஷாப்பில் காட்டவும். காட்டினேன். காட்டியதில் 12,740 ரூபாய் போனது, சத்தம் போகவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்; பிரேக் மிதிக்கிற இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் வத்தலக்குண்டுக்காரி. 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை டிவிஎஸ் 50 தான் எனக்குக் கால். ஓய்வுப் பணம் வந்ததும் 2012 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார், அதுவும் பாதி நேரம் தப்பாக இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தியதும் முதல் கேள்வி இதுதான்: "சார் வரலீங்களா மேடம்?"

சத்தம் ஆரம்பித்தது தை மாதக் கடைசியில். திண்டுக்கல்லில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) முன் பிரேக் பேட் மாற்றி, பொது சர்வீஸும் செய்து எடுத்து வந்தேன். நாலைந்து நாள் கழித்து செம்பட்டி ரோட்டில், தார் பெயர்ந்து ஜல்லி தெரிகிற இடத்தில், இடது முன்பக்கமிருந்து லொடலொடவென்று ஒரு சத்தம். பாத்திரக் கடை மூட்டையை சைக்கிளில் கட்டி ஓட்டுவது மாதிரி. நல்ல ரோட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. பெரிய வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினாலும் இல்லை. பொடிப்பொடிக் குழிகளில் மட்டும் விடாமல் அடிக்கும்.

இதையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். கவுன்டரில் இருந்த தம்பி கம்ப்யூட்டரில் "சஸ்பென்ஷன் நாய்ஸ்" என்று இரண்டு வார்த்தை அடித்தார். நான் சொன்ன குழி, ரோடு, இடது பக்கம், தை மாதம் எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் அடங்கிவிட்டது. என்னோடு யாரும் வண்டியில் ஏறவில்லை. சாயங்காலம் போன் வந்தது. லிங்க் ராடு (வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது) இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருப்பது) இரண்டு, ஷாக் அப்சார்பர் மேலே உட்காரும் மவுண்ட் இரண்டு, லேபர், அலைன்மென்ட். சரி, பழைய வண்டிதானே என்று தலையாட்டினேன். மறுநாள் பணம் கட்டி எடுத்துக்கொண்டு செம்பட்டி வந்தால், அதே இடத்தில் அதே லொடலொட. வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான வழி சொன்னார்: "வண்டியைத் திருப்பு."

திருப்பிக்கொண்டு போனேன். "அப்ப ஸ்டியரிங் ராக்காதான் மேடம் இருக்கும், அசெம்பிளியா மாத்திடலாம்" என்றார்கள். ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அந்தச் சாமானுக்கு இருபதாயிரத்துக்கு மேல். கழற்றிய பழைய லோயர் ஆர்மையாவது காட்டுங்கள் என்றேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம், ஒரே ராத்திரியில்.

எங்கள் ஊரில் ஒரு பாய் இருக்கிறார், அறுபது வயசுக்கு மேல். அம்பாசிடர் காலத்து மெக்கானிக். வேப்ப மரத்தடியில் கடை, போர்டு கூடக் கிடையாது. அவருடைய மருமகளுக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "பாய், இது எங்கே கத்துதுன்னு மட்டும் சொல்லுங்க, மாத்துறதை அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. டிக்கியைத் திறந்தார். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஆறு தேங்காய், ஒரு எவர்சில்வர் தூக்குவாளி எல்லாவற்றையும் இறக்கி மரத்தடியில் வைத்தார். கதவுப் பையில் கிடந்த தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிட்டார். "பாதி சத்தம் வண்டிக்கு உள்ளதாம்மா இருக்கும்" என்றார். தூக்குவாளியைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கேள்வி. எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் வண்டியில் யார், எந்த இடத்தில் கை வைத்தார்கள்? குளிர்ந்த வண்டியில் வருகிறதா, சூடானதும் வருகிறதா? நேராகப் போகும்போதா, ஒடிக்கும்போதா? நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வருகிறதா? ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் வருகிறதா, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினாலும் வருகிறதா? இத்தனையையும் கேட்டுவிட்டு, "நீங்க ஓட்டுங்க, நான் உக்காந்து கேக்குறேன்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். நீளமான காம்பவுண்ட் சுவர் ஒன்றை ஒட்டி மெதுவாகப் போகச் சொன்னார். சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். உண்மைதான், உள்ளே லொடலொட என்று கேட்டது அங்கே சன்னமான சடசடவாகக் கேட்டது, இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். பெரிய பள்ளத்தில் இறங்கும்போது 'தட்' என்று கனமாக ஒன்று விழுந்தால் மவுண்ட், ஷாக் என்று போகலாம். பொடிக்குழியில் சடசடத்தால் கனமில்லாத சாமான் ஏதோ லூசாக ஆடுகிறது என்றார். லிங்க் ராடு தேய்ந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்குமாம். அதனால் ஒர்க்‌ஷாப்காரர்கள் அதைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. சோதிக்காமலே மாற்றியதுதான் தப்பு. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு மெதுவாக ஒரு ரவுண்டு போனால் தெரிந்துவிடும்: சத்தம் நின்றால் அது, நிற்காவிட்டால் வேறு. அரை மணி நேர வேலை.

ஜல்லி பெயர்ந்த இடம் வந்தது. சத்தமும் வந்தது. பாய் கையை உயர்த்தி, "இப்ப பிரேக்கை லேசா மிதிங்க. வண்டி நிக்கக் கூடாது, கால் சும்மா மேல பட்டாப் போதும்" என்றார். மிதித்தேன். குழாயை மூடின மாதிரி சத்தம் நின்றுவிட்டது. காலை எடுத்தேன், மறுபடி சடசட. வைத்தேன், இல்லை. மூன்று தடவை செய்து பார்த்தோம். "போதும், வண்டியைத் திருப்புங்க" என்றார். ரோட்டில் இறங்கி ஒரு ஸ்பேனர் கூட எடுக்கவில்லை அவர்.

கடைக்கு வந்து இடது சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் உட்காருகிற இடத்தில் மேலும் கீழும் மெல்லிய தகட்டு கிளிப் இருக்கும். பேட் ஆடாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். வலது சக்கரத்தில் இருந்தது. இடது சக்கரத்தில் ஒன்றுமே இல்லை. தை மாதத்தில் பேட் மாற்றியவர் பழைய கிளிப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டவே இல்லை. பேட்டை விரலால் தள்ளிக் காட்டினார், டொக் டொக்கென்று ஆடியது. பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் பேட்டை டிஸ்கோடு அழுத்திவிடும், ஆடாது. காலை எடுத்தால் ஆட்டம் ஆரம்பம். கிளிப் செட் 180 ரூபாய். பாய் கூலி 150. மருமகள் கணக்கில் அதையும் வாங்க மாட்டேன் என்றார். சண்டை போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் வேலையில் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. கர்ப்பிணி வயிற்றில் ஃபீட்டோஸ்கோப்பை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்போம். சில சமயம் காதில் விழுவது தாயின் நாடித் துடிப்பாகவும் இருக்கும். அதனால் ஒரு காதில் கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்திருப்போம். இரண்டும் சேர்ந்து துடித்தால் நாம் கேட்பது தாயினுடையது, இடத்தை மாற்றித் தேட வேண்டும். இது தெரியாத செவிலிப் பெண், துடிப்பு நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவாள். பாய் பிரேக்கில் கால் வைக்கச் சொன்னபோது எனக்கு அந்த மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. சத்தம் கேட்கிறது என்பது பாதிதான். எதைத் தொட்டால் அது மாறுகிறது என்று பார்த்தால்தான் அது யாருடைய சத்தம் என்று தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. தெருவில் யார் வண்டி கத்தினாலும் காது போகிறது. பாயிடம் கேட்டும் என் வண்டியில் பார்த்தும் தெரிந்துகொண்டதில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

எதிர்வீட்டுத் தம்பியின் காரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. டயரா பேரிங்கா என்று அவனுக்குக் குழப்பம். டயர் இரைச்சல் ரோட்டுக்கு ரோடு மாறும். சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரி, புதுத் தாரில் ஒரு மாதிரி. பேரிங் இரைச்சல் அப்படிப் பெரிதாக மாறாது. ஆனால் வளைவில் மாறும். வலது பக்கம் வளைத்தால் வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். இடது வளைவில் கூடினால் வலது. அவனையும் ஏற்றிக்கொண்டு காலையில் ஆள் இல்லாத ரோட்டில் லேசாக இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்தோம். வலது. அப்புறம் பாய் கடையில் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, காயில் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினோம். நல்ல பக்கத்தில் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கெட்ட பக்கத்தில் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி கரகரவென்று உள்ளங்கைக்கு வந்தது. அதையே நான் இடது என்று சொல்லியிருந்தால் ஒரு பேரிங் வீண். (வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையைக் கொடுக்காதீர்கள்.)

யூ டர்ன் போடும்போதோ, கல்யாண மண்டபத்தில் வண்டியை ஒடித்து நிறுத்தும்போதோ டக் டக் டக்கென்று சீராக அடித்து, ஸ்டியரிங் நேரானதும் நின்றால் ஆக்சில் ஜாயின்ட், அதாவது எஞ்சின் சுற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. பெரும்பாலும் அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே போய், சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்பாகச் சிதறியிருக்கும். கிழிந்த அன்றே பார்த்தால் உறையும் கிரீஸும் மட்டும் போதும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் தெறிக்கிற மாதிரி வந்தால் ஷாக் மேலே உள்ள மவுண்ட் பேரிங். கிறீச்சென்று மெலிதாக விடாமல் கத்தி, பிரேக் போட்டால் மாறுகிறதென்றால் பேட் தேய்ந்துவிட்டது. சில பேட்களில் தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் கத்துவதற்கென்றே சின்னத் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜல்லி ரோட்டில் போய்வந்த மறுநிமிடமே அப்படிக் கத்தினால் டிஸ்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். எனக்கு ஒருதடவை அது ரிவர்ஸில் பத்தடி போனதும் தானாக விழுந்துவிட்டது.

காத்திருக்கவே கூடாத சத்தம் இரண்டு. ஒன்று பால் ஜாயின்ட், லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற உருண்டை மூட்டு. அம்பாசிடரில் இந்த மூட்டுகளுக்கு கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கும், பாய் மாதிரி ஆட்கள் கிரீஸ் கன்னோடு படுத்து அடிப்பார்கள். 2014-இல் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோனது. இப்போதைய வண்டிகளில் பால் ஜாயின்ட் பெரும்பாலும் மூடி சீல் செய்தே வருகிறது. ரப்பர் கிழிந்து மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போனால் பிறகு கிரீஸ் அடித்துக் காப்பாற்ற வழியில்லை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். அது பேரிங் ஆட்டமாகவும் இருக்கலாம் என்பதால் இன்னொருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்டு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை. காட்ரோடு பக்கம் ஒருநாள், மலையிலிருந்து இறங்கி வந்த கார் ஒன்று முன்சக்கரம் வெளியே மடங்கி, மண்டி போட்ட மாடு மாதிரி ஓரத்தில் கிடந்தது. பால் ஜாயின்ட் கழன்றுவிட்டதாம். ஓட்டியவர் இரண்டு வாரமாகவே சத்தம் கேட்டது என்றார். மேலே வளைவில் கழன்றிருந்தால் அதைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

இன்னொன்று வீல் நட். டயர் மாற்றியோ அலைன்மென்ட் பார்த்தோ வந்த ஒன்றிரண்டு நாளில் வேகத்துக்குத் தகுந்தபடி டக் டக்கென்று வந்தால், வேறெதையும் யோசிக்காமல் ஓரமாக நிறுத்தி வீல் ஸ்பேனரை எடுங்கள். என் தங்கை மகளின் வண்டியில் நாலில் மூன்று நட்டு கையாலேயே சுற்ற வந்தது.

இதில் ரோட்டுக்கும் பங்கு உண்டு. வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் உறுத்தாமல் கடக்கிற வளைவு என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கம் போடுவது சாக்கடை மூடி அகலத்துக்கு ஒரு சிமென்ட் கட்டி. வெள்ளை பெயின்ட்டும் கிடையாது. ராத்திரி அதில் ஒருதரம் விழுந்தால் புது லோயர் ஆர்ம் புஷ்ஷும் பழசாகிவிடும்.

ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் வண்டிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் வருகிற ரோட்டில் கால்மணி நேரம் ஓட்டிக் கேளுங்கள். அந்தக் கால்மணிக்குக் கூலி வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், நான் தருகிறேன். ஜாப் கார்டில் "சஸ்பென்ஷன் நாய்ஸ்" என்று எழுதாமல், "பொடிக்குழியில் இடது முன்பக்கம் லொடலொட, பேட் மாற்றியதிலிருந்து" என்று நாங்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். தமிழில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, செலவில்லாமல். கழற்றிய சாமானைப் பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். சத்தம் போகாவிட்டால் அடுத்த சாமானுக்குப் போகுமுன், போன தடவை மாற்றியது ஏன் உதவவில்லை என்று சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசியிருக்கலாமே என்று மகன் கேட்கிறான். பில்லும் கையில் இருக்கிறது, பேசியிருக்கலாம்தான். அலைவதற்குச் சோம்பேறித்தனப்பட்டு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என்னை மாதிரி வண்டி ஓட்டும் பெண்களுக்கு ஒன்று: "சார் வரலீங்களா" என்று கேட்டால், "வந்திருக்கார், ஆனா சத்தம் கேட்டது எனக்குத்தான், நீங்க ஏறுங்க" என்று சாவியை அந்தத் தம்பி கையில் கொடுத்துவிடுங்கள். போன மாதம் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் நான் அப்படித்தான் செய்தேன். ஏறி வந்தார். பிரேக்கில் கால் வைத்துப் பாருங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை சத்தம் நிற்கவில்லை. மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக்கில் ஒரு கிளிப் விழுந்திருந்தது, பத்து ரூபாய்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம்.